கன்னையா ரோட்டில் உட்கார்ந்தார்

புத்தலப்பட்டு தாண்டி திருப்பதி ரோட்டில் இருக்கிற அந்த ஜூஸ் பேக்டரியின் கேட்டிலிருந்து டிராக்டர் வரிசை புளியமரம் வரைக்கும் வந்து, அங்கே ஒரு வளைவு வளைந்து, பெட்ரோல் பங்க் வரைக்கும் போயிருந்தது. டிரெய்லர்களில் தோத்தாபுரி மாங்காய். தமிழில் கிளிமூக்கு என்பார்கள். வெயில் படக்கூடாது என்று மேலே மாவிலைக் கொத்துகளை வெட்டிப்போட்டு மூடியிருந்தார்கள். வந்து நின்ற புதிதில் வாசனை நன்றாகத்தான் இருந்தது. இப்போது அதில் புளிப்பு ஏறி, டிரெய்லரின் சந்துகளில் சாறு ஒழுகி, ரோட்டோரத்தில் ஈ மொய்த்தது.

வரிசையில் நிற்பவர்களுக்கு வேலை என்று எதுவும் கிடையாது. டோக்கன் நம்பரை இஞ்சினின் மூக்கில் சாக்பீஸால் எழுதிவிட்டுப் போய்விடுவான் பேக்டரி ஆள். அப்புறம் அவன் எப்போது கூப்பிடுகிறானோ அப்போதுதான். அதனால் காலையில் களி கிளறித் தின்றதும் எல்லோரும் கன்னையாவின் டிரெய்லர் நிழலுக்கு வந்துவிடுவார்கள். கன்னையா பேப்பர் படிப்பார். தெலுங்குப் பேப்பர்தான். தலைப்பைத் தெலுங்கில் உரக்க வாசித்து, மீதியைத் தமிழில் சொல்லுவார். அதில் பேப்பர்காரன் எழுதியது கால்வாசி, கன்னையா சேர்த்தது முக்கால்வாசி.

"இன்னாண்ணே போட்டுகீறான் இன்னிக்கு?" என்று கேட்டாள் செங்கம்மா. அவளுக்கு அடுத்த டிராக்டர். புருஷன் போன பிறகு தோட்டம், டிராக்டர், வழக்கு எல்லாவற்றையும் அவளே ஓட்டுகிறாள்.

"ராஜதானி கட்டப்போறாங்களாம். புதுத் தலைநகரு."

"அதான் முன்னயே கட்டினாங்களே?"

"அது அந்தப் பிரபுத்வம், அந்த சர்க்காரு கட்டின ராஜதானிம்மா. நடுவுல வந்தவன் ஒண்ணு எதுக்கு மூணா கட்டலாம்னான். இப்ப மறுபடியும் ஒண்ணு. கொழந்த பொறந்து, பேரு வெக்கிறதுக்குள்ள அது காலேஜி முடிச்சிட்டு வேலை தேடிகினு கீது."

சிரித்தார்கள். கன்னையா சிரிக்கமாட்டார். கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு அடுத்ததற்குப் போவார்.

"கிராம சச்சிவாலய ஆபீசுங்களுக்கு மறுபடி பெயிண்டு அடிக்கணும்னு உத்தரவு. ஒருத்தன் வந்தா ஒரு கலரு, இன்னொருத்தன் வந்தா இன்னொரு கலரு. எந்த எலெக்சன் வந்தாலும் ஜெயிக்கிறவன் பெயிண்டு கடக்காரன்தான்."

"உங்க ஓட்டு யாருக்குண்ணே?" என்றான் பின்வரிசை டிரைவர் ஒருவன்.

"எல்லாருக்கும் ஒரு தபா போட்டுகீறேன். ஒருத்தனும் திருப்பிக் குடுக்கல."

கன்னையாவுக்குப் புதிதாக எதைச் செய்தாலும் பிடிக்காது. ஜில்லாவைப் பிரித்துத் திருப்பதியைத் தனியாக எடுத்துப்போனது அவருக்கு இன்றுவரை ஜீரணமாகவில்லை. ஏழுமலையான் அந்த ஜில்லா, காணிப்பாக்கத்துப் பிள்ளையார் இந்த ஜில்லா, மாமனும் மருமகனும் பாகம் பிரித்துக்கொண்ட மாதிரி என்பார். பெண்களுக்கு பஸ் இலவசம் என்றதும், "எங்க வூட்ல வாரத்துக்கு ரெண்டு தபா சித்தூருக்குப் போறா. எதுக்குப் போறேன்னு கேட்டா, பஸ்ஸு வந்துச்சு, ஏறினேன்றா" என்பார். இலவசம் என்ற வார்த்தையைச் சொல்லும்போதே அவர் முகம் வேப்பங்காய் கடித்ததுபோல் ஆகும்.

செங்கம்மா விடமாட்டாள். "உங்க மாங்காக் கொல்லி யாரு குடுத்ததுண்ணே? உங்க நைனா கூலிக்காரருதானே? பிரபுத்வந்தானே பட்டா போட்டுக் குடுத்துச்சு?"

"அவங்க குடுத்தது கல்லும்மா. நான் பொறுக்கினப்புறம்தான் அது நெலம்."

அதில் பொய் இல்லை. குடிபாலா பக்கத்தில், ரெண்டு எட்டு வைத்தால் தமிழ்நாடு என்கிற இடத்தில், வெறும் மேடாகக் கிடந்ததை மணியம்மாவும் அவரும் கூடை கூடையாகக் கல் சுமந்து கொட்டி, குடத்தில் தண்ணீர் ஊற்றி, மாங்கன்று வளர்த்தார்கள். ஒரே பெண் ரூபா அந்தக் கன்றுகளோடு வளர்ந்தவள். அவளைத் திருப்பதியில் நர்ஸ் படிப்பில் சேர்த்தபோது ஊரில் எல்லோரும், இவ்வளவு பழமை பேசுகிற ஆள் பெண்ணை ஹாஸ்டலில் விடுகிறானே என்றார்கள். "நோயாளிக்கு மருந்து குடுக்கறது பழைய வேலதான்" என்றார் கன்னையா.

அன்றைக்குப் பேப்பரில் கடைசிக்கு முன் பக்கம் வந்தபோது ஒரு போட்டோ இருந்தது. வெள்ளை உடுப்பில் பெண்கள், கையில் பாஸ்போர்ட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஜெர்மனிக்கு நர்ஸ்கள். கன்னையா அந்தப் பக்கத்தைச் சட்டென்று திருப்பிவிட்டு, மதனப்பள்ளி தக்காளி விலையைப் படிக்க ஆரம்பித்தார்.

செங்கம்மா பார்த்துவிட்டாள். மற்றவர்கள் எழுந்து போகும்வரை காத்திருந்தாள்.

"ஒரு பக்கத்த வுட்டுட்டீங்களே."

"அது விளம்பரம்."

"ரூபா ஜெர்மனிக்குத்தானே போவுது?"

கன்னையா பேப்பரை நாலாக மடித்தார். எட்டாக மடித்தார். பிறகு அதை சீட்டுக்கு அடியில் செருகினார்.

ரூபா தன்னோடு வேலை பார்த்த பவன்குமாரைக் கல்யாணம் செய்துகொண்டு ரெண்டு மாம்பழக் காலம் ஆகிவிட்டது. நாயுடுபேட்டைப் பையன். தெலுங்குக்காரன், வேறு ஆட்கள். ரெஜிஸ்டர் ஆபீசில் முடித்துவிட்டு அங்கிருந்துதான் போன் பண்ணினாள். கன்னையா ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார்: "சரி." அதற்கப்புறம் அவளோடு பேசவில்லை. முதலில் சொல்லியிருந்தால் ஒத்துக்கொண்டிருப்பாரா என்று மணியம்மா கேட்டிருக்கிறாள். ஒத்துக்கொண்டிருக்கமாட்டேன், ஆனால் சொல்லியிருக்கவேண்டும் என்றார். 

ஆனால் ராத்திரி சோற்றில் கைவைக்கும்போது அவள் இந்நேரம் தின்றிருப்பாளா என்று தோன்றும். சித்தூர் ஆஸ்பத்திரிப் பக்கம் போனால் வெள்ளை உடுப்புப் பெண்களில் நடை ஒத்து வருகிறவளைக் கண் தேடும். இதெல்லாம் யாரிடமும் சொல்கிற விஷயமா? ராஜதானியைப் பற்றிப் பேசலாம், பெயிண்ட் கடையைப் பற்றிப் பேசலாம்.

போன் அடித்தது. மணியம்மா.

"இந்தா, நேத்து சாய்ந்தரமே வந்துட்டாங்க, ரெண்டு பேரும். வந்ததும் நீ கொல்லியில கீறியான்னு போயி, மரம் மரமா பாத்துட்டு வந்தா."

"பேக்டரியில கீறேன்னு சொல்றதுதானே."

"சொன்னேன். ஒரு எட்டு வரக்கூடாதா நைனான்னு கேட்டா. நான் இன்னா சொல்லட்டும்?"

"டோக்கனு போயிடும்னு சொல்லு."

"டோக்கனு" என்றாள் மணியம்மா. அந்தப் பக்கம் கோழி கத்துவது கேட்டது. பின்னால் யாரோ சிரித்த மாதிரியும் இருந்தது. அது ரூபாவின் சிரிப்புதான் என்று கன்னையாவுக்குத் தெரிந்தது. போனை இன்னும் காதோடு அழுத்தினார்.

"சோறு துன்னுட்டு மதியானமா கெளம்பறாங்க. வெள்ளக் காரு. ரேணிகுண்டாவுல பிளேனு ஏறி ஐதராபாத்து போயி, அங்கேருந்து அந்த ஊருக்கு. நீ நிக்கிற ரோட்லதான் போவாங்க. எனக்குத் தெரிஞ்சது அவ்ளோதான்."

"நீ கூடப் போவலியா?"

"உன்ன வுட்டுட்டு நான் மட்டும் ஏர்போட்டுல நின்னு கை ஆட்டட்டுமா? நல்லா கீது ஞாயம்" என்று வைத்துவிட்டாள்.

போனை எடுத்து ரூபாவைக் கூப்பிட்டு, பேக்டரிகிட்ட வண்டியை நிறுத்து என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் கன்னையாவின் சட்டம் வேறு. இவராகக் கூப்பிட்டால் கல்யாணத்தை ஒத்துக்கொண்டதாக ஆகிவிடும். ரோட்டில் தானாகக் கண்ணில் பட்டால் அது வேறு. அது பார்த்தது, அவ்வளவுதான். பார்ப்பதற்கு எந்தச் சட்டத்திலும் தடையில்லை.

இந்த நேரத்தில்தான் ஹரிபாபு வந்தான். பெனுமூரு பக்கத்துப் பையன், டிகிரி படித்துவிட்டு மாந்தோப்பைப் பார்த்துக்கொள்கிறான். ரைத்து சங்கம் என்கிற விவசாயிகள் சங்கத்துக்குச் செயலாளர். கழுத்தில் பச்சைத் துண்டு.

"மாமா, பேக்டரியில மிஷினு ரிப்பேராம். இன்னிக்கு ஒரு லோடும் எடுக்கமாட்டாங்களாம். சாய்ந்தரம் ராஸ்தா ரோக்கோ. ரைத்துங்க எல்லாம் ரோட்ல ஒக்காரணும். மாங்காவ ரோட்ல கொட்டணும்."

"ரோட்ல ஒக்காந்தா ரேட்டு ஏறுமா?"

"கலெக்டரு வருவாரு மாமா."

"வந்து? மாங்கா வாங்கிகினு போவாரா? யப்பா, ரோடு உங்க நைனாதும் இல்ல, எங்க நைனாதும் இல்ல. ஆஸ்பத்திரிக்குப் போறவன் கீறான், பரிச்ச எழுதப் போறவன் கீறான். அவன மறிச்சா அவன் நம்மளத்தான் திட்டுவான். நான் பொறந்ததுலேர்ந்து ஒரு தர்ணாவுல ஒக்காந்ததில்ல. பந்த் அன்னிக்கும் பசு பால் கறக்குது பாத்தியா? அத்த மாதிரி நான்."

ஹரிபாபு சிரித்துவிட்டுப் போனான். அவனுக்குக் கன்னையாவின் பேச்சு பழகிவிட்டது.

வெயில் உச்சிக்கு வந்தது. மேல்காற்று புழுதியை வாரி இறைத்தது. கன்னையா கேனிலிருந்து தண்ணீர் ஊற்றி முகம் கழுவினார். சீட்டுக்கு அடியிலிருந்து வேறு சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார். டோக்கனுக்காக நிற்கிற மனுஷனுக்குச் சலவைச் சட்டை எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. செங்கம்மா மட்டும், "கலெக்டரு சாய்ந்தரந்தாண்ணே வருவாரு" என்றாள்.

அவர் ரோட்டோரம் போய் நின்றார்.

திருப்பதிக்குப் போகிற காரெல்லாம் வெள்ளைதான் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. பெரிய ரோடு, அகல ரோடு. காற்றைக் கிழித்துக்கொண்டு வருகிறார்கள், போகிறார்கள். கண்ணாடியெல்லாம் கறுப்பு. உள்ளே இருப்பது மொட்டை போடப்போகிற குடும்பமா, மந்திரியின் மச்சானா, பெற்ற பெண்ணா என்று எப்படித் தெரியும்? அதோ வருகிறது என்று உடம்பை நிமிர்த்துவதற்குள் அது போய்விட்டிருந்தது. அதில் ரூபா இருந்திருந்தால்? முடிந்தே போயிருக்கும். ஜெர்மனிக்குப் போனவள் எப்போது வருவாள், எப்படி வருவாள்?

ஒரு வெள்ளைக் கார் கொஞ்சம் மெதுவாக வந்தது. கன்னையா தன்னையறியாமல் கையை நீட்டிவிட்டார். கார் நின்றது. கண்ணாடி இறங்கியது. கறுப்புக் கண்ணாடி போட்ட ஒருவன் தலையை நீட்டினான்.

"கிலோ எவ்ளோ?"

"விக்கறதுக்கு இல்ல."

"பின்ன எதுக்குய்யா கை காட்டினே?"

கார் போய்விட்டது. கன்னையா அடுத்தடுத்துப் பறக்கிற வெள்ளைக் கார்களைப் பார்த்தார். பிறகு திரும்பி, புளியமரத்தடியில் அட்டையில் கோஷம் எழுதிக்கொண்டிருந்த ஹரிபாபுவிடம் நேராகப் போனார்.

"எப்ப ஒக்காரப் போறீங்க?"

"சாய்ந்தரம் மாமா. டிவிகாரங்க திருப்பதியிலேர்ந்து வரணும் இல்ல?"

"டிவிகாரனுக்காக மாங்கா அழுகாம நிக்குமா? ஒக்காரணும்னா இப்ப ஒக்காரு."

ஹரிபாபு மார்க்கரை மூடினான். "மாமா, நீங்களா சொல்றீங்க?"

"நான்தான் சொல்றேன். எந்திரி."

கன்னையா டிராக்டரை வரிசையிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்து ரோட்டின் குறுக்கே நிறுத்தினார். டிரெய்லரைத் தூக்கினார். மாவிலைக் கொத்துகள் முதலில் சரிந்தன. பிறகு மொத்தக் காயும் தடதடவென்று உருண்டு ரோட்டை அடைத்தது. தன் கையால் கல் பொறுக்கிய நிலத்தில், தன் கையால் தண்ணீர் ஊற்றின மரத்துக் காய். அதைக் கொட்டும்போது அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அவர் கண் குடிபாலா திசையிலேயே இருந்தது. பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு ஆவேசம் வந்துவிட்டது. கன்னையாவே கொட்டிவிட்டார் என்று கத்திக்கொண்டு இன்னும் ரெண்டு மூன்று பேர் தங்கள் டிரெய்லரைக் கொண்டுவந்தார்கள்.

கன்னையா மாங்காய்க் குவியலுக்கு முன்னால் தார் ரோட்டில் துண்டை விரித்து உட்கார்ந்தார். சூடு துண்டைத் தாண்டி ஏறியது. வண்டிகள் நிற்க ஆரம்பித்தன. ஹாரன் காதைப் பிளந்தது. அவர் தினமும் யாருக்காக நியாயம் பேசுவாரோ அவர்களெல்லாம் இறங்கி வந்து அவரைத்தான் திட்டினார்கள். அவர் காதில் எதையும் போட்டுக்கொள்ளவில்லை.

ராஸ்தா ரோக்கோவுக்கு இந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஆஸ்பத்திரி வண்டி, பிண வண்டி, கல்யாண வண்டி, இந்த மூன்றையும் யாரும் மறிக்கக்கூடாது. எந்தக் கட்சி உட்கார்ந்தாலும் அதுதான் முறை. ஓரத்தில் ஒரு வண்டி போகிற அளவுக்கு சந்து விட்டு, அதில் காயைக் கொஞ்சமாகப் பரப்பியிருந்தார்கள். ஒரு ஆம்புலன்ஸ் வந்தது, பிள்ளைகள் காயை ஒதுக்கி அனுப்பினார்கள். வாழைமரம் கட்டிய வேன் ஒன்று வந்தது. உள்ளே எட்டிப் பார்த்து, மாப்பிள்ளைக்கு ஒரு மாங்காய் கொடுத்து அனுப்பினார்கள். காயை மறுபடி பரப்பினார்கள்.

அதற்கப்புறம் நின்ற வரிசையில் கொஞ்சம் தள்ளி, ஒரு வெள்ளைக் காரின் கதவு திறந்தது. சுடிதார் போட்ட பெண் ஒருத்தி இறங்கி, வெயிலுக்குக் கையைக் குடையாகப் பிடித்துக்கொண்டு முன்னால் பார்த்தாள். பிறகு ஓடி வந்தாள்.

"நைனா!"

கன்னையா எழுந்திருக்கப் பார்த்தார். கால் மரத்துப்போயிருந்தது.

"நைனா, நீயா ரோட்ல ஒக்காந்துகினு கீற?"

"சும்மாதான்" என்றார் கன்னையா.

ரூபா அவர் எதிரில் குந்தினாள். இளைத்திருந்தாள். கழுத்தில் மஞ்சள் கயிறு இருந்தது. மணியம்மா நேற்றுத்தான் புதுசாக மாற்றியிருக்கவேண்டும், மஞ்சள் இன்னும் சட்டையில் ஒட்டியிருந்தது. அவர் அதைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார். என்னென்னவோ வைத்திருந்தார் சொல்ல.

"துன்னியா?"

"துன்னேன் நைனா. யம்மா களி கிளறிப் போட்டுச்சு."

"அங்க குளுராமே."

"ஆமா."

"சொட்டரு கீதா?"

"கீது நைனா" என்றாள். அதற்குள் அவள் கண் நிறைந்துவிட்டது. அவருக்கும் அழுகை வந்தது. இத்தனை பேர் முன்னால் அழுவதா என்று துண்டைத் தேடினார். துண்டின் மேல்தான் உட்கார்ந்திருந்தார்.

பவன்குமார் பின்னால் வந்து நின்றான். ஒல்லியாக, பயந்த கண்ணோடு. "மாமய்யா" என்றான். பிறகு தயங்கித் தயங்கி, தெலுங்கு கலந்த தமிழில், "ஏர்போர்ட்டுல கவுண்டரு மூசிடுவாங்க மாமய்யா. இந்த பிளேனு போனா அந்த பிளேனும் போயிடும். ரூபா நாளைக்கு அங்க நிக்கலேன்னா வேலைய வேற யாருக்கனா குடுத்துடுவாங்க" என்றான்.

கன்னையாவுக்கு அப்போதுதான் புரிந்தது. பார்க்கவேண்டும் என்று ரோட்டை அடைத்தவர் அவள் போவதையும் சேர்த்து அடைத்துவிட்டார். சாயங்காலம் உட்காரவேண்டியவர்களை மதியானமே கூட்டிவந்து உட்காரவைத்ததும் அவர்தான். செங்கம்மா தோளைக் கொடுக்க, பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"ஹரிபாபு, இந்தக் கார வுடு."

"எப்படி மாமா? ஒண்ண வுட்டா எல்லாரும் கேப்பாங்க. பின்னால பாருங்க, எத்தினி பேரு ஏர்போட்டுக்குப் போறாங்க."

பின்னால் நின்றவர்களும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். "எங்களுக்கும் பிளேன்தான்" என்றான் ஒருவன். "சொந்தக்காரன்னா ஒரு ரூலா?" என்றான் இன்னொருவன். அதைத்தானே கன்னையாவும் இதுவரை பேசினார்?

ஹரிபாபு குரலைத் தணித்தான். "மாமா, மூணு வண்டிதான் வுடுவோம். உங்களுக்கே தெரியும். இது எந்த வண்டின்னு நீங்க சொல்லுங்க, நான் வுடறேன்."

ரூபா தலையைக் குனிந்துகொண்டாள். "வாணாம் நைனா. நடந்து அந்தப் பக்கம் போயி வேற வண்டி புடிக்கிறோம்" என்று பெட்டியை எடுக்கக் காருக்குத் திரும்பினாள்.

"நில்லு" என்றார் கன்னையா.

பேப்பர் படிக்கிற குரல் அது, வரிசையின் கடைசி டிராக்டர் வரைக்கும் கேட்கிற குரல்.

"இது கல்யாண வண்டி. இவ எம் பொண்ணு ரூபா. இவரு எங்க மாப்ள, பவன்குமாரு, நாயுடுபேட்ட. பொண்ண நான் புருசன் வூட்டுக்கு அனுப்பி வெக்கிறேன்."

யாரோ பின்னாலிருந்து, "கல்யாணம் எப்பய்யா ஆச்சு?" என்று கேட்டான்.

"எப்ப ஆனா உனக்கின்னா? அனுப்பறது இப்பதான்."

செங்கம்மா கீழே கிடந்த மாவிலைக் கொத்தை எடுத்து உதறி, தன் தலையில் கட்டியிருந்த துணியைக் கிழித்து, காரின் முன்பக்கம் கட்டினாள். "சோடன இல்லாத கல்யாண வண்டி எங்கனா கீதா?" என்றாள். கன்னையா குனிந்து சந்திலிருந்த காயை அள்ளி ஓரம் போட்டார். பவன்குமார் பேன்டை மடித்துவிட்டுக்கொண்டு அவர் பக்கத்தில் குனிந்தான். ரெண்டு பேரும் சேர்ந்து அள்ளினார்கள். கையெல்லாம் சாறு, பிசின்.

வழி ஆனதும் கன்னையா ரூபாவின் கையைப் பிடித்தார். கல்யாணத்தில் அப்பன் பெண்ணின் கையை எடுத்து மாப்பிள்ளை கையில் வைப்பது ரெண்டு பக்கத்துக்கும் பொதுவான முறைதான். அவர் வைத்தார். கைமேல் பால் வார்க்க வேண்டும், சொம்பு இல்லை. ஈக்கள் மட்டும் சுற்றிச் சுற்றி வந்தன.

"தெரியாத ஊரு" என்று மாப்பிள்ளையிடம் சொன்னார். "கோவம் வந்தா சாப்புடமாட்டா. நீதான் பாத்துக்கணும்."

"பாத்துக்கறேன் மாமய்யா."

கார் சந்தில் நுழைந்து அந்தப் பக்கம் ஏறியது. பின் கண்ணாடியில் கையாட்டுவது தெரிந்ததா, தெரிந்தது என்று இவர் நினைத்துக்கொண்டாரா, யாருக்குத் தெரியும். வெள்ளைக் காருக்கு நடுவே வெள்ளைக் காராகப் போய்விட்டது. ஹரிபாபு வந்து, "வெயில்ல நிக்காதீங்க மாமா, ஓரமா போயி ஒக்காருங்க" என்றான். கன்னையா துண்டை உதறி அதே இடத்தில் விரித்து, மறுபடி உட்கார்ந்தார்.

கலெக்டர் வரவில்லை. போலீஸ் வந்தது. இன்ஸ்பெக்டர் மரியாதையாகத்தான் கேட்டார், யார் ஆரம்பித்தது என்று. ஹரிபாபு வாயைத் திறப்பதற்குள் கன்னையா எழுந்து, "நான்தான் சார், மொதல் டிரெய்லரு என்துதான்" என்றார். எல்லோரையும் போலீஸ் வேனில் ஏற்றினார்கள். சும்மா ஸ்டேஷனில் உட்காரவைத்துச் சாயங்காலம் விட்டுவிடுவார்கள், பயப்பட ஒன்றுமில்லை. செங்கம்மாவும் கேட்டுக் கேட்டு ஏறிக்கொண்டாள்.

வேன் கிளம்பி, பேக்டரி கேட்டைத் தாண்டும்போது போன் அடித்தது. பேரைப் பார்த்ததும் கன்னையா அவசரமாகப் பட்டனை அமுக்கினார். பிசினில் ஒட்டிக்கொண்டு பட்டன் நகரமாட்டேன் என்றது. செங்கம்மா வாங்கி அமுக்கி அவர் காதில் வைத்தாள்.

"நைனா, வந்து சேந்துட்டோம். கவுண்டரு மூடல. உள்ள வந்து ஒக்காந்துட்டோம். நீ எங்க கீற?"

கன்னையா கம்பி போட்ட ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். ரோட்டில் கூட்டிக்கொண்டிருந்தார்கள். நசுங்கின மாங்காயெல்லாம் ஓரத்தில் குவிந்திருந்தது.

"வூட்டுக்குத்தான் போய்க்கினு கீறேன்."

"பிளேனுக்கு இன்னும் கூப்புடல நைனா. நீ வேலயா கீறியா? வெச்சிடட்டா?"

"வெக்காத" என்றார். "எனக்கின்னா வேல?"

வேனில் கோஷம் போட்டுக்கொண்டிருந்தவர்களை ஹரிபாபு கையைக் காட்டி அடக்கினான். டிரைவர்கூடத் திரும்பிப் பார்த்துவிட்டு ஹாரன் அடிக்காமல் ஓட்டினான்.

"இன்னா பேசறது நைனா?" என்றாள் ரூபா.

"எதுனா பேசு. ரெண்டு வருசமா இன்னா துன்ன, எங்க தூங்கின, அந்த ஆஸ்பத்திரியில யாரு நல்லவங்க, யாரு கெட்டவங்க, எல்லாம் சொல்லு. அவங்க கூப்புட்ற வரிக்கும் பேசு. நான் கேட்டுகினு கீறேன்."